மேட்டிலுள்ள குளமும் பள்ளத்திலுள்ள குடியும்

(தோட்ட மண்டபமொன்றில் தகவல் அதிகாரி ஒருவர் நிகழ்த்திய உரை)



விடியுமுன் பெரட்டுக்கு எழுந்து, மரம் சீவி, பால் சேர்த்து, நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு இம்மண்டபத்தில் கூடியிருக்கின்றீர்கள். உங்கள் நேரத்தின் அருமையை நான் அறிவேன். ஆகவே இன்று ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் பேச விரும்புகின்றேன். பொழுதுபோக்குக்காகத் தனியார் தேக்கி வைத்திருக்கும் நீர்நிலைகளின் மண்ணணைகள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை, அவற்றின் கீழே குடியிருப்போர் ஏன் அறிந்திருக்க வேண்டும் என்பதே அப்பொருளாகும்.

“அணைக்கட்டு என்றால் பொறியியலாளர்கள் பார்த்துக் கொள்வார்கள், நமக்கென்ன?” என்று சிலர் எண்ணக்கூடும். பெரிய அணைகளைப் பொறுத்தவரை அவ்வெண்ணத்தில் ஓரளவு நியாயம் உண்டு. அவற்றுக்குக் காவலர் உண்டு. நீர்மட்டத்தைக் குறித்து வைப்பவர் உண்டு. முறையான சோதனையும் உண்டு. ஆனால், ஓர் ஓடையை மறித்து, மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பி, மீன் பிடிக்கவும் படகு விடவும் தேக்கிய குளத்தை யார் பார்க்கின்றார்கள்? அதன் உரிமையாளர் பார்த்தால் உண்டு. அவர் பாராமுகமாக இருந்துவிட்டால், அதன் விளைவு அவரைச் சேர்வதில்லை. பள்ளத்தில் குடியிருப்பவரையே சேர்கின்றது.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்று, ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகள் பணியாற்றியவன். மழை விட்டதும் மாணவர்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்த கால்வாயில் மண்ணைக் குவித்து அணை கட்டி விளையாடுவார்கள். ஒருநாள் அவ்விளையாட்டையே பாடமாக்கினேன். இரண்டு அணைகள் கட்டச் சொன்னேன். ஒன்றின் ஓரத்தில் ஒரு வழி விட்டு, அவ்வழியில் கற்களைப் பதிக்கச் செய்தேன். மற்றொன்றுக்கு அவ்வாறு வழி விடவில்லை. இரண்டும் நிரம்பின. முதல் அணையில் மிகுதியான நீர் கல் பதித்த வழியே சென்றது, அணை நின்றது. இரண்டாவது அணையில் நீர் கரையின் மேல் ஏறி, முதலில் விரல் அகலத்திற்கு வழிந்தது. வழிந்த நீர் மண்ணை அரித்தது. அரித்த பள்ளத்தில் மேலும் நீர் பாய்ந்தது. பாய்ந்த நீர் மேலும் அரித்தது. சற்று நேரத்தில் அங்கே அணை இருந்த சுவடே இல்லை.

மண்ணணையின் மேல் தண்ணீர் ஏறலாகாது. ஏறாதிருக்க அதற்குத் தக்க வழி வேண்டும். அச்சிறுவர்கள் அன்று கற்றுக்கொண்ட பாடம் இவ்வளவே. இந்த எளிய பாடத்தைப் பெருஞ்செல்வர்கள் பலர் சேர்ந்து புறக்கணித்ததால், அமெரிக்க நாட்டில் ஒரு தொழில் நகரமே அழிந்தது. அந்த வரலாற்றை முதலில் கூறுகின்றேன்.

ஜான்ஸ்டவுன் நகரின் வரலாறு

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைகளுக்கிடையே இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் ஜான்ஸ்டவுன் என்னும் நகரம் உள்ளது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அஃது இரும்பும் எஃகும் செய்யும் நகரமாக விளங்கியது. வேல்ஸ், ஜெர்மனி, அயர்லாந்து முதலிய நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள் அங்கே ஆலையை நம்பி வாழ்ந்தார்கள். கடல் கடந்து வந்து, ஒரு தொழிலை நம்பிக் குடும்பம் வளர்த்த கதை நம் மூதாதையருக்கும் உண்டன்றோ! நகரிலும் அதைச் சுற்றியும் ஏறத்தாழ 30,000 மக்கள் இருந்தனர்.

அந்நகருக்கு மேலே, 14 மைல் தொலைவில், மலைமேல் ஓர் ஏரி இருந்தது. சவுத் ஃபோர்க் அணை என்னும் மண்ணணை அதைத் தாங்கி நின்றது. அணையின் உயரம் 72 அடி. நீளம் 900 அடிக்கும் மேல். ஏரி நிறைந்தால் ஏறத்தாழ 1 கோடியே 45 லட்சம் டன் தண்ணீர் நிற்கும்.

தொடக்கத்தில் இவ்வணை பொழுதுபோக்குக்காகக் கட்டப்பட்டதன்று. படகுப் போக்குவரத்துக் கால்வாய்க்கு நீர் தருவதற்காக மாநில அரசாங்கம் 1838-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கி, 1853-இல் முடித்தது. அதற்குள் இரயில் பாதை வந்துவிட்டது. கால்வாய்க்கு வேலையில்லாமற் போயிற்று. 1857-இல் இரயில் நிறுவனமொன்று இவற்றை வாங்கியது. அணையைக் கவனிப்பார் இல்லை. 1862-இல் அணையின் ஒரு பகுதி உடைந்தது. ஏரியில் நீர் குறைவாக இருந்தமையால் பெருங்கேடு நேரவில்லை. பின்னர் வந்த உரிமையாளர் ஒருவர், அணையின் அடியில் இருந்த ஐந்து இரும்புக் குழாய்களைப் பெயர்த்தெடுத்துப் பழைய இரும்பாக விற்றுவிட்டார். ஏரி நீரைத் தேவையான போது வெளியேற்றிக் குறைப்பதற்கு இருந்த ஒரே வழி அக்குழாய்களே என்பதை நினைவில் வையுங்கள்.

1879-ஆம் ஆண்டில் பெஞ்சமின் ரஃப் என்பவர் அவ்விடத்தை வாங்கி, செல்வர்களுக்கான மீன்பிடி, வேட்டைச் சங்கமொன்றை அமைத்தார். ஆண்ட்ரூ கார்னகி, ஹென்றி ஃபிரிக், ஆண்ட்ரூ மெலன் போன்ற பெருஞ்செல்வர்கள் அதில் உறுப்பினர் ஆயினர். ஏரிக்கரையில் அழகிய கோடை இல்லங்கள் எழுந்தன. பாய்மரப் படகுகள் மிதந்தன.

அணையின் நிலை என்னவாயிற்று? உடைந்திருந்த பகுதியை மண், கல், மரக்கிளை, வைக்கோல் ஆகியவற்றைக் கொண்டு அடைத்தார்கள். பெயர்த்தெடுத்த குழாய்களுக்குப் பதிலாக வேறு குழாய்களைப் பதிக்கவில்லை. குதிரை வண்டிகள் வசதியாகச் செல்ல வேண்டும் என்பதற்காக அணையின் மேல்தளத்தை இரண்டு, மூன்று அடி தாழ்த்தினார்கள். நடுப்பகுதி சற்றுத் தொய்ந்தும் இருந்தது. மிகுதி நீர் வழிந்தோடும் வாய்க்காலில், மீன்கள் தப்பிச் செல்லாதிருக்க இரும்புத் தடுப்புகளை வைத்தார்கள். மீன் போகாத தடுப்பில் குப்பையும் கிளையும் சேரும் அல்லவா? அவை சேர்ந்தால் தண்ணீரும் போகாது.

இவற்றையெல்லாம் எவரும் சுட்டிக் காட்டவில்லையா என்று கேட்பீர்கள். சுட்டிக் காட்டினார்கள். கீழே இருந்த இரும்பாலையின் தலைவர் டேனியல் மொரல் என்பவர், 1880-ஆம் ஆண்டில் ஜான் ஃபுல்டன் என்னும் நிபுணரை அனுப்பி அணையைப் பார்வையிடச் செய்தார். நீரை வெளியேற்றக் குழாய் இல்லை என்பதையும், அடைப்பு வேலை உறுதியற்றது, அவ்விடத்தில் கசிவு உள்ளது என்பதையும் ஃபுல்டன் எழுத்து மூலம் தெரிவித்தார். அணையைச் செப்பனிடுவதற்குத் தம் பங்காகப் பணமும் தருவதாக மொரல் கூறினார். ஆனால் ரஃப், கீழே உள்ளவர்களுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று பதில் எழுதி, அவ்வுதவியை ஏற்க மறுத்துவிட்டார். மொரல் 1885-இல் மறைந்தார். ரஃப் 1887-இல் மறைந்தார். அணையின் குறைகள் மட்டும் மறையவில்லை.

கீழே இருந்த மக்களும் காலப்போக்கில் கவலையை விட்டுவிட்டார்கள். பெருமழை பெய்யும் போதெல்லாம், “இன்று அணை உடையப் போகின்றது” என்று யாரேனும் சொல்வார்கள். அணை உடையாது. மறுநாள் சொன்னவரைக் கண்டு சிரிப்பார்கள். இவ்வாறு எச்சரிக்கையே ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது.

1889-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் நாள்

முதல் நாள் இரவு தொடங்கி அப்பகுதியில் பேய்மழை கொட்டியது. காலையில் ஏரி நீர் மளமளவென உயர்ந்து வந்ததைச் சங்கத்தின் தலைவர் எலியாஸ் அங்கர் கண்டார். ஆட்களைத் திரட்டினார். சிலர் அணையின் மேல் மண்ணைக் கொட்டினார்கள். சிலர் மறுகோடியில் புதிய வாய்க்கால் வெட்டினார்கள். சிலர் மீன் தடுப்புகளில் சேர்ந்த குப்பையை அகற்ற முயன்றார்கள். பத்தாண்டுகளாகச் செய்யாத வேலையை ஒரு காலைப் பொழுதில் செய்ய முனைந்தார்கள். அஃது இயலவில்லை. ஜான் பார்க் என்னும் இளம் பொறியியலாளர் குதிரை மீதேறிப் பக்கத்து ஊருக்கு விரைந்து, எச்சரிக்கைத் தந்தி அனுப்பச் செய்தார். செய்தி கீழே சென்றது; ஆனால் அதனை யாரும் பெரிதாகக் கருதவில்லை. எத்தனை முறை கேட்ட செய்தி!

பிற்பகல் மூன்று மணியளவில் அணை உடைந்தது. நீர் மரங்களையும் வீடுகளையும் இரயில் பெட்டிகளையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்கில் இறங்கியது. வழியில் ஓர் இரயில் ஓட்டுநர் வெள்ளத்தின் இரைச்சலைக் கேட்டு, தம் இயந்திரத்தின் ஊதலைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, இடைவிடாது ஒலிக்கச் செய்தவாறே வண்டியைச் செலுத்தினார். அவ்வொலியைக் கேட்டு மேட்டுக்கு ஓடியவர்கள் பலர் பிழைத்தனர். 4 மணி 7 நிமிடத்திற்கு வெள்ளம் ஜான்ஸ்டவுனை அடைந்தது. நகரின் கீழ்ப்புறத்தில் இருந்த கற்பாலத்தில் சிதைவுகள் மலைபோல் குவிந்து, தீயும் பற்றிக் கொண்டது.

மாண்டவர் 2,200-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் 99 குடும்பங்கள் பூண்டோடு அழிந்தன. 750-க்கும் மேற்பட்ட உடல்கள் யாருடையவை என்றே அடையாளம் காண முடியவில்லை. கிளாரா பார்ட்டன் அம்மையார் தலைமையில் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் வந்து, ஐந்து மாதங்கள் தங்கித் தொண்டாற்றியது.

பாதிக்கப்பட்டோர் வழக்குத் தொடுத்தார்கள். இஃது இறைவன் செயல் என்று வாதிடப்பட்டது. சங்கத்திடமிருந்து எவருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை. உறுப்பினர் சிலர் நன்கொடை அளித்தனர். கார்னகி நகருக்கு ஒரு நூலகம் கட்டிக் கொடுத்தார். அக்கட்டடத்தில் இன்று வெள்ளத்தின் நினைவுக் காட்சிசாலை உள்ளது. மேல்தளத்தைத் தாழ்த்தாமல் இருந்திருந்தாலும் அணை உடைந்தே இருக்கும் என்று பொறியியலாளர் குழுவொன்று 1891-இல் அறிக்கை வெளியிட்டது. ஆனால் 2016-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு அதனை மறுத்துள்ளது. சங்கம் செய்த மாற்றங்களால் நீரை வெளியேற்றும் திறன் பாதியாகக் குறைந்தது என்றும், முதலில் கட்டிய வடிவிலேயே இருந்திருந்தால் அணை அன்றைய மழையைத் தாங்கியிருக்கும் என்றும் அவ்வாய்வு கணக்கிட்டுக் காட்டுகின்றது. மழை இயற்கையாக வந்தது. வழியை அடைத்தவர் மனிதர்.

சிறிய குளமும் உயிரைக் குடிக்கும்

“அது பெரிய ஏரி, பழைய காலம்” என்று ஒருவர் சொல்லலாம். அதே அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் நிகழ்ந்ததையும் கேளுங்கள். அங்கே டொக்கோவா என்னுமிடத்தில் ஒரு கிறிஸ்துவக் கல்லூரிக்குச் சொந்தமான கெல்லி பார்ன்ஸ் அணை இருந்தது. ஏறத்தாழ 40 அடி உயரம். 40 ஏக்கர் பரப்பு. மின்சாரம் எடுப்பதற்காகப் பயன்பட்டு வந்த அவ்வணை, 1957-க்குப் பின் வெறும் பொழுதுபோக்குக் குளமாயிற்று. பயன் நின்றதும் கவனிப்பும் குறைந்தது. 1973-இல் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தில், அணையின் கீழ்ப்புறச் சரிவில் மண் சரிந்திருந்தது தெரிகின்றது. 1977-ஆம் ஆண்டு நவம்பர் 6-ஆம் நாள், பெருமழைக்குப் பின், பின்னிரவு ஒன்றரை மணியளவில் அணை உடைந்தது. கீழே கல்லூரி வளாகத்தில் உறங்கிக் கொண்டிருந்த 39 பேர் மாண்டனர். அவர்களுள் 20 பேர் குழந்தைகள்.

அதன் பிறகே அந்நாட்டின் அதிபர் ஜிம்மி கார்ட்டர், மக்கள் குடியிருப்புக்கு மேலே உள்ள அணைகளைச் சோதிக்க ஆணையிட்டார். நான்கு ஆண்டுகளில் 8,800-க்கும் மேற்பட்ட அணைகள் சோதிக்கப்பட்டன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பற்றவை எனத் தெரிய வந்தது. நன்றாக இருப்பதாக எல்லாரும் எண்ணியிருந்த அணைகள் அவை! யாரேனும் சென்று பார்க்கும் வரை எல்லா அணைகளும் நல்ல அணைகளாகவே தோன்றும்.

நாம் பார்க்க வேண்டியவை

நம் நாட்டிலும் மேட்டு நிலத்தில் மண்கரை எழுப்பித் தேக்கிய குட்டைகள் உண்டு. உங்கள் குடியிருப்புக்கு மேலே அத்தகைய நீர்நிலை இருக்குமாயின், அதன் கரையைக் கவனிப்பதற்குப் பட்டப் படிப்பு வேண்டியதில்லை. பட்டையின் நிறத்தைக் கண்டே மரத்தின் நோயை அறியும் கண் உங்களுக்கு உண்டு. அந்தக் கண்ணே போதும்.

முதலாவது, மிகுதி நீர் வழிந்தோடும் வாய்க்கால் திறந்திருக்கின்றதா என்று பாருங்கள். அதில் கிளையோ புதரோ மீன் வலையோ அடைத்திருத்தல் ஆகாது. மழையில் மங்கு நிறைந்தால் பால் வழிந்து போவதை நீங்கள் அறிவீர்கள். மங்கு வழிந்தால் ஒருநாள் பால் நட்டம். மண்கரை வழிந்தால் கரையே நட்டம்.

இரண்டாவது, கரையின் மேல்தளம் ஒரே மட்டமாக இருக்க வேண்டும். நடுவில் தொய்வு இருந்தால் வெள்ளம் அவ்விடத்தையே தேடி வரும்.

மூன்றாவது, கரையின் கீழ்ப்புற அடிவாரத்தைப் பாருங்கள். சிறிதளவு கசிவு பல மண்கரைகளில் உண்டு. கசியும் நீர் தெளிவாக இருந்தால் அதனைக் குறித்து வைத்துக்கொண்டு, மேலிடத்திற்குத் தெரிவியுங்கள். கலங்கலாக வந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ, அது கரையின் உள்ளிருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு வருகின்றது என்பது பொருள். அது பேராபத்தின் அறிகுறி. ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

நான்காவது, கரையில் பெரிய மரங்கள் வளர விடலாகாது. மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அவ்விடம் துளையாகும். எலி, உடும்பு முதலியவை தோண்டும் வளைகளும் அத்தகையனவே.

ஐந்தாவது, வெடிப்பும் மண்சரிவும். டொக்கோவாவின் நிழற்படத்தில் இருந்த சரிவை யாரேனும் முறையாக ஆராய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆறாவது, அடியில் நீரை வெளியேற்றும் குழாயும் அதன் அடைப்பானும் வேலை செய்கின்றனவா என்று கேளுங்கள். ஆபத்து வருமுன் குளத்தின் நீரைக் குறைக்க வழி இருக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

குறையைக் கண்டால் மண்டோரிடம் வாயால் சொல்வதோடு நின்றுவிடாதீர்கள். தேதியிட்டு, கண்ட இடத்தையும் கண்ட நிலையையும் எழுதி, நிர்வாகத்திடம் கொடுங்கள். ஒரு படியை உங்கள் தொழிற்சங்கக் கிளைத் தலைவரிடம் வையுங்கள். எழுதத் தயங்குவோருக்குப் பள்ளி ஆசிரியர் உதவுவார். நிலம் வேறொருவருடையதாயின், அல்லது பதில் கிடைக்காவிட்டால், மாவட்ட அலுவலகத்திற்கும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவுக்கும் தெரிவியுங்கள். ஆபத்து இல்லை என்று பதில் வந்தால், பார்வையிட்டவர் யார், எப்பொழுது பார்வையிட்டார் என்று பணிவோடு கேளுங்கள். 1880-இல் வந்த பதிலை மறவாதீர்கள்.

நீங்களாகவே கரையை வெட்டவோ துளையை அடைக்கவோ முற்படாதீர்கள். அது நிபுணர்களின் வேலை. தவறான இடத்தில் ஒரு வெட்டு விழுந்தால் மரம் என்னாகும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

கரையின் மேல் நீர் வழிவதையோ, கலங்கல் நீர் பீறிடுவதையோ கண்டால், வேடிக்கை பார்க்க நில்லாதீர்கள். கீழே உள்ள வீடுகளுக்கு உடனே குரல் கொடுங்கள், 999-ஐ அழையுங்கள். ஓடையின் போக்கிலே ஓடாமல், பக்கவாட்டில் உள்ள மேட்டில் ஏறுங்கள். முதியோரையும் குழந்தைகளையும் யார் அழைத்துச் செல்வது, எந்த மேட்டில் கூடுவது என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள். நள்ளிரவில் நீர் வரும்போது அதற்கெல்லாம் நேரம் இராது.

இறுதியாக ஒன்று. எச்சரிக்கை பத்து முறை பொய்த்தாலும், பதினோராவது முறை சொல்பவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். மேட்டில் ஏறி நின்று, ஒன்றும் நடவாமல் நனைந்து வீடு திரும்பினால் நமக்கு ஓர் இரவுத் தூக்கம் நட்டம், அவ்வளவுதான். ஜான்ஸ்டவுன் மக்கள் அன்று எச்சரிக்கையைக் கேட்டு மேட்டில் ஏறியிருந்தால் அவர்களுள் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, மேலே உள்ள குட்டைக்கு ஒரு நடை சென்று வாருங்கள். கரையின் மேல் ஏறாமல், ஓரமாக நின்று, வழிந்தோடும் வாய்க்காலையும் அடிவாரத்தையும் அவர்களுக்குக் காட்டுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு உங்களால் விடை சொல்ல முடியாவிட்டால், அதே கேள்விகளைத் திங்கட்கிழமை காலையில் நிர்வாகத்திடம் கேளுங்கள்.